பாட்டாவின் பயம் பேரனுக்கு எதற்கு? தலைமுறை தாண்டி வரும் குடும்பக் காயத்தை ஆற்ற ஒரு முழுமையான வழிகாட்டி

கன்னியாகுமரி மாவட்டத்தில் கொல்லங்கோட்டிலிருந்து ஆரல்வாய்மொழி வரை எந்த ஊரை எடுத்தாலும், காரணம் மறந்துபோன கட்டுப்பாடுகளோடு ஓடுகிற வீடுகள் இருக்கின்றன. ராத்திரி ஃபோன் அடித்தால் எடுக்கக் கை வராத வீடு. அப்பாவின் பைக் சத்தம் கேட்டதும் பிள்ளைகள் எழுந்து உள்ளே போய்விடுகிற வீடு. தட்டில் நாலு பருக்கை மிஞ்சினாலும் சண்டை வருகிற வீடு. இன்றைக்கு அங்கே பஞ்சமும் இல்லை, அடிக்கிற ஆளும் இல்லை. ஆனாலும் உடம்பு மட்டும் ஏதோ வரப்போகிறது என்று காத்துக்கொண்டே இருக்கும்.

இதைத்தான் தலைமுறைக் காயம் என்கிறோம். இதில் ஒரே ஒரு விஷயம் பிடிபட்டால் மற்றதெல்லாம் எளிது என்பது என் எண்ணம். பாட்டாவுக்கு நடந்த சம்பவம் பேரனுக்கு வருவதில்லை. அந்தச் சம்பவத்தைத் தாங்குவதற்காகப் பாட்டா தனக்குப் போட்டுக்கொண்ட விதிதான் வருகிறது. 'யாரையும் நம்பாதே.' 'அழாதே.' 'பெரிய இடத்து ஆள் கண்ணில் படாதே.' 'இன்று அதிகம் சிரித்தால் நாளை அழ வேண்டிவரும்.' அவருக்கு அந்த விதி உயிர் காத்தது. சம்பவத்தை யாரும் வாய்விட்டுச் சொல்லாததால், விதி மட்டும் கீழே இறங்கி வீட்டின் குணம் போல ஆகிவிட்டது. ஆகவே செய்ய வேண்டிய வேலை இரண்டு: விதிக்குப் பின்னால் இருக்கும் கதையைத் தேடுவது, இன்றைக்கும் அந்த விதி தேவையா என்று பார்ப்பது.

அறிவியல் என்ன சொல்கிறது?

'காயம் மரபணுவிலேயே பதிந்துவிட்டது' என்று யூடியூபில் அடித்துச் சொல்கிறவர்களை நம்பிப் பயந்துவிடாதீர்கள். அமெரிக்க ஆய்வாளர் ரேச்சல் யெஹூதாவின் குழு, நாஜி இனப்படுகொலையிலிருந்து தப்பியவர்களையும் அவர்களுடைய பிள்ளைகளையும் ஆராய்ந்து, மன அழுத்தத்தோடு தொடர்புடைய ஒரு மரபணுவின் மேல் வேதிக் குறி மாறியிருப்பதைக் கண்டது உண்மை. ஆனால் அதில் இருந்தவர்கள் 32 பெற்றோரும் 22 பிள்ளைகளும்தான். எலிகளில் இன்னும் தெளிவான முடிவுகள் கிடைத்திருக்கின்றன. எலிக்கும் மனிதனுக்கும் இடையே வளர்ப்பு என்கிற பெரிய விஷயம் இருக்கிறது. அந்த வளர்ப்புப் பாதைக்குத்தான் சான்று வலுவாக உள்ளது. 1975இலேயே செல்மா ஃப்ரைபர்க் என்ற அமெரிக்க ஆய்வாளர், தங்கள் குழந்தைப்பருவ வலியை உணர மறுத்த தாய்மார்களிடம்தான் அது பிள்ளைக்கும் தொடர்கிறது என்று எழுதினார். வலியை நினைவில் வைத்து அழ முடிந்தவர்கள் அதைப் பிள்ளைக்குக் கடத்தவில்லை.

1980களில் அமெரிக்க உளவியலாளர் மேரி மெயின் இன்னொன்றைக் கண்டார். பெற்றோரின் குழந்தைப்பருவம் நல்லதா கெட்டதா என்பதைவிட, அதை அவர்கள் கோர்வையாகச் சொல்ல முடிகிறதா என்பதுதான் பிள்ளையின் பாதுகாப்பு உணர்வோடு அதிகம் பொருந்தியது. மோசமான கதை இருந்தும் அதைத் தலைவாலோடு சொல்லத் தெரிந்தவர்களின் பிள்ளைகள் நன்றாகவே இருந்தார்கள். இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு முடிவின் மேல்தான் நிற்கிறது.

1998இல் வெளியான குழந்தைப்பருவப் பாதிப்பு ஆய்வையும் சிலர் உங்களிடம் காட்டுவார்கள். 9,500க்கும் அதிகமானோரைக் கேட்ட அந்த அமெரிக்க ஆய்வில், நான்கு வகைப் பாதிப்புகளோ அதற்கு மேலோ பட்டவர்களுக்குக் குடிநோய், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவை பல மடங்கு கூடுதலாக இருந்தன. அது கூட்டத்தைப் பற்றிய கணக்கு. உங்கள் ஜாதகம் இல்லை.

எப்போது தனியாகத் தொடங்கக் கூடாது

வீட்டில் இப்போதும் அடி விழுகிறது என்றால் அது பழைய காயம் இல்லை, நடப்புக் காயம். முதலில் பாதுகாப்பு. பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில், கணவன் வீட்டை விட்டு வெளியேற்ற முடியாதபடி தங்கும் உரிமை கேட்க வழி இருக்கிறது. சாக வேண்டும் என்ற எண்ணம் வந்துபோகிறவர்கள், குடியை நிறுத்திச் சில வாரங்களே ஆனவர்கள், குழந்தை பெற்றுச் சில மாதங்களே ஆனவர்கள் இவர்களெல்லாம் 9ஆம் பகுதியில் சொல்லியிருக்கும் மருத்துவ உதவியை முதல் படியாக எடுத்துக்கொள்ளுங்கள். கதை எங்கேயும் ஓடிவிடாது.

1. வீட்டுச் சட்டத்தை எழுதுங்கள்

ஒரு நோட்டு வாங்குங்கள். உங்கள் வீட்டில் யாரும் எழுதாத, ஆனால் எல்லோரும் கடைப்பிடிக்கிற விதிகளை எழுதுங்கள். அம்மா அடிக்கடி சொல்லும் வசனங்களில் பாதி கிடைக்கும். மீதியை, மீறினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பிடிக்க வேண்டும். நல்ல செய்தியை உடனே வெளியே சொன்னால் வீட்டில் யார் முகம் மாறும்? நோய் வந்தால் முதலில் மறைப்பார்களா, சொல்வார்களா? அழுகிற பிள்ளையைத் தூக்குவார்களா, 'வாயை மூடு' என்பார்களா? கடன் கேட்பது மானக்கேடா? எந்தப் பெயரை எடுத்தால் பேச்சு நின்றுபோகிறது?

கடைசிக் கேள்விக்குக் கிடைக்கிற பதில்தான் பெரும்பாலும் பொக்கிஷம். பேச்சு நிற்கிற இடத்தில் ஒரு கதை புதைந்திருக்கிறது. அதற்கு ஒரு நட்சத்திரம் போட்டு வைத்துக்கொண்டு அடுத்ததுக்குப் போங்கள்.

2. மூன்று தலைமுறை வரைபடம்

குடும்ப உளச்சிகிச்சையில் மர்ரே போவன் என்ற அமெரிக்க மனநல மருத்துவரின் வழியில் வந்த முறை இது. சாதாரணச் சார்ட் அட்டை போதும். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவர்களுக்கு உள்ளே பெருக்கல் குறி. மேலே பாட்டா, ஆச்சிகள், நடுவில் பெற்றோரும் அவர்களுடைய உடன்பிறந்தவர்களும், கீழே நீங்களும் உங்கள் பிள்ளைகளும். நெருக்கமானவர்களுக்கிடையே இரட்டைக் கோடு, சண்டைக்கு வளைந்து வளைந்து போகும் கோடு, பேச்சே இல்லையென்றால் கோட்டை நடுவில் வெட்டிவிடுங்கள். பிறந்து இறந்த குழந்தைகள், கலைந்த கருக்கள், இரண்டாம் தாரம், ஓடிப்போனவர், மடத்துக்குப் போனவர், 'தவறிப்போனார்' என்று மட்டும் சொல்லப்படுகிறவர் எல்லோரையும் சேருங்கள். விட்டுவிடத் தோன்றுகிற ஆளை முதலில் எழுதுங்கள்.

தேதிகளுக்கு எங்கே போவது? கிறிஸ்தவக் குடும்பம் என்றால் பங்கின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகளில் ஓரளவு கிடைக்கும். கல்லறைத் தோட்டத்துக் கல்லிலும் ஆண்டு இருக்கும். பழைய பிரமாணங்களில், அதாவது சொத்துப் பத்திரங்களில், யார் யாருக்கு எப்போது எழுதிக்கொடுத்தார் என்பதும், யாருடைய பெயர் திடீரென்று காணாமல் போகிறது என்பதும் தெரியும்.

அம்மன் கொடையை விட்டுவிடாதீர்கள். குடும்பக் கோயில் வீடுகளில் கன்னிக்குத் தனியாகப் படைக்கும் வழக்கம் இருந்தால், அந்தக் கன்னி யார் என்று கேளுங்கள். பல வீடுகளில் அது சின்ன வயதில் இறந்த ஒரு பெண் பிள்ளை. அவளுக்குப் பாவாடை எடுத்து வைக்கிறார்கள், ஆனால் எப்படி இறந்தாள் என்பதைச் சொல்வதில்லை. நம் ஊர் இசக்கி, மாடன் கதைகளையும் வில்லுப்பாட்டில் கேட்டுப்பாருங்கள்: கொல்லப்பட்டவர்கள், ஏமாற்றப்பட்டவர்கள், நியாயம் கிடைக்காமல் செத்தவர்கள். ஊர் நடுவே விடிய விடியப் பாடி, அந்த அநியாயத்தை எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து கேட்பதற்கு இந்த மண்ணில் ஓர் ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. முப்பந்தல் இசக்கி கோயில் வரைக்கும் போய்க் கும்பிடுகிறவர்கள் சொந்த வீட்டுக் கதையை மட்டும் பூட்டி வைத்திருப்பது எனக்கு எப்போதும் விசித்திரமாகத்தான் படும்.

3. அதே தாளில் மாவட்டத்தின் வரலாறு

வரைபடத்தின் இடது ஓரத்தில் ஆண்டுகளை எழுதுங்கள். இதைச் செய்யாதவர்கள் எல்லாப் பழியையும் அப்பா தலையில் போட்டுவிடுகிறார்கள்.

19ஆம் நூற்றாண்டுத் திருவிதாங்கூரில் கூலியில்லா ஊழியம், தலைவரி, மார்பை மறைக்க விடாத கொடுமை. பல பத்தாண்டுத் தோள்சீலைப் போராட்டத்துக்குப் பிறகு 1859 ஜூலை 26 அன்றுதான் நாடார் பெண்கள் மேலாடை அணிய அனுமதித்து அரசாணை வந்தது. அதிலும் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. பெண் பிள்ளையின் உடையைப் பற்றி இன்றும் சில வீடுகளில் வரும் அளவுக்கு மீறிய பதற்றத்தின் ஒரு வேர் அங்கேயும் இருக்கலாம். அடக்கிய பக்கத்து வீடுகளுக்கும் பரம்பரைச் சொத்து உண்டு: பெருமையாகச் சொல்லப்படும் சில கதைகள், சொல்லப்படாத பல கதைகள். அந்தப் பக்கத்தில் பிறந்தவர்களும் அதை எழுதத்தான் வேண்டும்.

அப்புறம் 1954 ஆகஸ்ட் 11. தாய்த் தமிழகத்தோடு இணையக் கேட்டவர்கள் மேல் புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் துப்பாக்கிச் சூடு. 1956 நவம்பர் 1 அன்று மாவட்டம் இணைந்தது, விழா எடுக்கிறோம். அன்று அடிபட்டு, ஒளிந்து வாழ்ந்து, வழக்குக்கு அலைந்தவர்களின் வீடுகளில் 'போலீஸ் முன்னால் வாய் திறக்காதே' என்ற விதி மட்டும் தங்கியிருக்கும். 1982இல் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே மண்டைக்காட்டுக் கலவரம். 'அந்த ஊர்ப் பக்கம் பெண் எடுக்காதே, கடையில் சாமான் வாங்காதே' என்று சொல்கிற பெரியவர்கள் இரண்டு பக்கத்திலும் இன்றைக்கும் உண்டு.

2004 டிசம்பர் 26 சுனாமியில் குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் மணக்குடியிலும் ஓடித் தப்பிய பிள்ளைகள் இப்போது பெற்றோர். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல்.

இவற்றோடு, தலைப்புச் செய்தியாக வராதவை. பனையிலிருந்து விழுந்தவர்கள். கருப்பட்டி காய்ச்சியே கண் போன பெண்கள். முந்திரி ஆலைப் பாலில் தோல் உரிந்த விரல்கள். வளைகுடாவுக்குப் போய், பிள்ளைக்கு முதலில் கேசட்டிலும் பிறகு போனிலும் குரலாக மட்டும் இருந்த அப்பாக்கள். நகைக்கும் ரொக்கத்துக்கும் வீடு விற்ற கல்யாணங்கள்.

எல்லாம் எழுதியபின் நான்கு பத்திகள் போட்டு நிரப்புங்கள்: என்ன நடந்தது, அன்று என்ன விதி பிறந்தது, அது யாரைக் காத்தது, இன்று என்ன விலை கேட்கிறது. நான் பார்த்த பல வீடுகளைக் கலந்து ஓர் உதாரணம் சொல்கிறேன். கொள்ளுப் பாட்டா பனையிலிருந்து விழுந்து செத்தார். மூத்த மகன் பதிமூன்று வயதில் பனை ஏறத் தொடங்கினான். விதி: 'ஆம்பிளை களைப்பு என்று சொல்லக் கூடாது.' அன்று அது ஐந்து பேருக்குச் சோறு போட்டது. இன்று அந்த வீட்டுப் பேரன், ஐ.டி. வேலையில் நெஞ்சு வலியோடு உட்கார்ந்து, டாக்டரிடம் போகாமல் கேஸ் மாத்திரை தின்கிறான். நான்காவது பத்தியை நிரப்பும்போது கோபமும் மரியாதையும் ஒன்றாக வரும். இரண்டுமே இருக்கட்டும்.

4. பெரியவர்களிடம் கேட்பது

வரைபடம் போட்ட சூட்டோடு போய், 'ஏன் எங்களை அப்படி அடித்தீர்கள்?' என்று கேட்டால் கதவு சாத்தப்படும். இது விசாரணை இல்லை. முகத்துக்கு முகம் உட்காராமல், கை வேலையாக இருக்கும்போது பக்கத்தில் உட்காருங்கள். மரச்சீனித் தோல் உரிக்கிற நேரம், சக்கைச் சுளை எடுக்கிற நேரம், மீன் கழுவுகிற நேரம் எல்லாம் நல்ல நேரம். காரணம் கேட்காமல் விவரம் கேளுங்கள்.

'ஆச்சி, உங்க சின்ன வயசுல ராத்திரிச் சாப்பாடு என்ன?'

'என்னத்த சாப்பாடு மக்கா. அக்கானி குடிச்சிட்டுக் கிடப்போம்.'

'யாரெல்லாம் இருந்தீங்க வீட்டுல?'

'நாங்க ஆறு பேரு. எனக்க தம்பி ஒருத்தன் இருந்தான்…' என்று சொல்லி நிறுத்துவார்.

இங்கேதான் பொறுமை வேண்டும். 'அவருக்கு என்ன ஆச்சு?' என்று உடனே பாயாதீர்கள். 'அவருக்கு என்ன பேரு ஆச்சி?' என்று கேளுங்கள். எழுபது வருடமாக யாரும் உச்சரிக்காத பெயராக இருக்கலாம். பெயர் வந்துவிட்டால் மற்றது இன்று வராவிட்டாலும் இன்னொரு நாள் வரும். 'அதெல்லாம் இப்ப எதுக்கு' என்று சொன்னால் விட்டுவிடுங்கள். மூச்சு வேகமாகிறதா, கை நடுங்குகிறதா, ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்கிறாரா? அப்போது பேச்சை இன்றைக்கு இழுத்துவாருங்கள்: கருப்பட்டிக் காப்பி போடுங்கள், கோழிக்குத் தீனி போட்டாச்சா என்று கேளுங்கள். கதையைத் திறந்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிப் போய்விடக் கூடாது. அன்று ராத்திரி யாராவது அவர் கூடப் படுக்க வேண்டும். மறுநாள் போன் பண்ண வேண்டும். ஒலிப்பதிவு செய்வதானால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள்.

சொல்ல மறுப்பது அவர்களுடைய உரிமை. 'இந்த இடத்தில் ஏதோ நடந்திருக்கிறது, சொல்ல முடியாத அளவுக்குப் பெரியது' என்று நோட்டில் எழுதிக்கொண்டால், அதுவும் ஒரு கோர்வைதான்.

5. உடம்புக்குத் தெரிந்ததை உடம்போடு பேசுவது

கதை தெரிந்த பிறகும் பைக் சத்தத்துக்கு வயிறு சுருங்கும். மூளையின் எச்சரிக்கைப் பகுதி வரலாறு படிக்காது. அதற்குச் சில பயிற்சிகள். மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீட்டுங்கள்; நான்கு எண்ணி இழுத்து ஆறோ எட்டோ எண்ணி விடலாம். வெறுங்காலை முற்றத்து மண்ணில் ஊன்றி, கண்ணில் படும் ஐந்து பொருள்களையும் காதில் விழும் மூன்று சத்தங்களையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். குளிர்ந்த நீரை முகத்தில் அடியுங்கள். இவை பதற்றத்தின் உச்சத்தில் புதிதாகக் கற்றுக்கொள்ள முடியாதவை. நன்றாக இருக்கும் நாளில் பழகி வையுங்கள்.

எழுதுவதும் உதவும். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கர் 1980களில் சோதித்த முறை எளியது: மூன்று, நான்கு நாள், ஒவ்வொரு நாளும் 15 முதல் 20 நிமிடம், மனத்தை அழுத்தும் ஒன்றைப் பற்றி எழுத்துப் பிழை பார்க்காமல் எழுதுவது. எழுதிய பின் கிழித்துப் போட்டாலும் பரவாயில்லை. எழுதி முடித்ததும் சற்று நேரம் மனசு கனமாக இருப்பது இயல்பு. நாள் போகப் போகத் தூக்கம் கெட்டால் நிறுத்திவிடுங்கள், அது தனியாகச் செய்யக் கூடாத கதை.

6. உடல் கிடைக்காத துக்கம்

இந்த மாவட்டத்துக்கு என்றே தனியாகச் சொல்ல வேண்டியது இது. ஒக்கியில் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி என்று அந்தக் கரை முழுவதும் தங்கல் தொழிலுக்கு, அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்க, போன ஆண்கள் திரும்பவில்லை. பலருடைய உடலும் கிடைக்கவில்லை. காணாமல் போனவரை இறந்தவராகச் சட்டம் கருத வழக்கமாக ஏழு ஆண்டு ஆகும். ஒக்கிக் குடும்பங்களுக்கு அரசு அந்தக் காத்திருப்பைத் தளர்த்தி இழப்பீடு கொடுத்தது. ஆனால் மனசு எந்த அரசாணைக்கும் கட்டுப்படாது. 'ஏதாவது தீவில் ஒதுங்கியிருப்பார்' என்ற நினைப்பு வாசலில் நின்றுகொண்டே இருக்கும். அமெரிக்க உளவியலாளர் பாலின் பாஸ் இதை முடிவு தெரியாத இழப்பு என்று விவரித்து, இதில் துக்கம் உறைந்துபோவது அந்த நிலைமையின் குணம், அந்த மனுஷியின் பலவீனம் இல்லை என்றார். 'ஏற்றுக்கொள், முடித்துவிடு' என்று சொல்லக் கூடாது என்பதும் அவர் கருத்து. 'அவர் வரமாட்டார், ஒருவேளை வரலாம்' என்று இரண்டையும் ஒன்றாகச் சொல்ல அனுமதிப்பதுதான் உதவி.

ஆகவே பிள்ளைகளிடம் பொய் வேண்டாம். 'அப்பா கடலுக்குப் போனார், புயல் வந்தது, தேடினார்கள், கிடைக்கவில்லை. எனக்கும் முழுசாகத் தெரியாது' என்பது ஆறு வயதுப் பிள்ளைக்கும் புரியும். நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் உடல் இல்லாதவருக்கும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்ற இடம் ஒதுக்குங்கள். இந்துக் குடும்பங்களில் ஆடி அமாவாசைக்குக் கன்னியாகுமரி முக்கடலிலோ குழித்துறை ஆற்றிலோ முன்னோருக்குப் பலி (தர்ப்பணம்) கொடுக்கும்போது, வழக்கமாக விடுபடும் பெயர்களையும் சேருங்கள்: தற்கொலை செய்துகொண்டவர், சாதி மாறிக் கல்யாணம் செய்ததால் ஒதுக்கப்பட்டவர், பிறந்ததும் போன குழந்தை. சடங்கில் நம்பிக்கை இல்லாதவர்கள் அவருக்குப் பிடித்த குழம்பு வைத்து, அவரைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினால் போதும்.

7. ஒரே ஒரு விதியை மாற்றுங்கள்

பட்டியலில் உள்ள எல்லா விதிகளையும் ஒரே வாரத்தில் எரிக்க முயன்றால் வீட்டில் கலகம்தான் மிஞ்சும். ஒன்றை எடுங்கள். சின்னதாக, செய்து பார்க்கக் கூடியதாக இருக்கட்டும். 'ஆம்பிளை களைப்பு சொல்லக் கூடாது' என்றால், வாரத்தில் ஒரு நாள் சாப்பிடும்போது அப்பாவே 'இன்றைக்கு எனக்கு ரொம்ப முடியவில்லை' என்று பிள்ளைகள் முன்னால் சொல்வது. அவ்வளவுதான். முதல் தடவை நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆச்சி, 'என்னடே, சுகமில்லையா?' என்று பதறுவார். பதறட்டும்.

விதியை மாற்றுவது முன்னோரை அவமதிப்பது என்று நினைப்பவர்களுக்குச் சாமித்தோப்பை நினைவூட்டுவேன். தலைப்பாகை கட்டும் உரிமை இல்லாதவர்களைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு, கண்ணாடி முன் நின்று கும்பிடச் சொன்னார் அய்யா வைகுண்டர். எல்லாச் சாதியும் சேர்ந்து நீர் எடுக்க முத்திரிக் கிணறு வெட்டினார். அவர் வாழ்ந்தது 1809 முதல் 1851 வரை. குனிந்து நட என்ற விதியை அவர் புத்தி சொல்லி மாற்றவில்லை. தினமும் செய்கிற ஒரு செயலாக மாற்றிக் கொடுத்தார். ஒரு மக்கள் கூட்டமே அந்த விதியிலிருந்து நிமிர்ந்தது அப்படித்தான்.

பிள்ளை வளர்ப்பில் நீங்கள் மறுபடியும் கத்துவீர்கள். கை ஓங்குவீர்கள். அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் ட்ரோனிக் தாய்-சேய் உறவைப் படம்பிடித்துப் பார்த்தபோது, நல்ல உறவிலும்கூட இருவரும் ஒத்திசைந்திருந்தது ஏறத்தாழ 30 சதவீத நேரம்தான். மீதி நேரம் தப்பும், சரிசெய்தலும். உங்கள் வீட்டில் இதுவரை இல்லாமல் போனது அந்தச் சரிசெய்தல். 'நான் கத்தியது தப்பு. நீ செய்ததற்கு அந்த அளவு கோபம் வேண்டியதில்லை. எனக்குள் வேறு பயம் இருந்தது' என்று சொல்லுங்கள். 'ஆனால் நீயும்…' என்று நீட்டாதீர்கள். சாரி கேட்டால் பிள்ளை தலையில் ஏறிவிடும் என்று மாமியார் சொல்வார். அதையும் வீட்டுச் சட்டப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

8. மன்னிப்பு, எல்லை, சொத்து

மன்னிப்பு கட்டாயமில்லை. பிரசங்கத்தில் எத்தனை தடவை கேட்டிருந்தாலும் சரி, பாலியல் கொடுமை செய்த மாமாவின் காலைத் தொட்டு ஆசீர்வாதம் வாங்கித்தான் ஆற வேண்டும் என்று எந்தச் சிகிச்சை முறையும் சொல்லவில்லை. அப்படிப்பட்ட ஆள் இருக்கும் வீட்டில் பிள்ளைகளைத் தங்க விடாமல் இருப்பது குடும்பத்தை உடைப்பது ஆகாது. கொடைக்கும் கிறிஸ்துமஸுக்கும் போகலாம். எத்தனை மணிக்குக் கிளம்புவது, யார் வண்டி, எந்தப் பேச்சு வந்தால் எழுந்துவிடுவது என்பதைக் கணவன் மனைவி முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

குமரியில் பாதிக் காயம் சொத்தில்தான் பேசும். நாஞ்சில் நாட்டு வேளாளர் வீடுகளில் மருமக்கள்வழி இருந்த காலத்தில், அப்பாவின் சொத்தில் பெரும்பங்கு அவருடைய சகோதரியின் பிள்ளைகளுக்குப் போனது. 1926 சட்டத்துக்குப் பின் வழிமுறை மாறியது. மாமன் மேல் மருமகனுக்கும் அப்பன் மேல் மகனுக்கும் இருந்த சந்தேகம் உடனே மாறிவிடவில்லை. மற்றச் சமூகங்களில் சகோதரிகளின் பங்கு நகையாகவே தீர்ந்துவிட்டதாகச் சொல்லிக் கையெழுத்து வாங்கிய கதைகள் ஏராளம். பாகப் பிரச்சினையை வக்கீலிடம் கொண்டுபோங்கள். 'அம்மா என்னைவிட அவனைத்தான் நேசித்தாள்' என்பதை நோட்டுக்குக் கொண்டுவாருங்கள். இரண்டையும் ஒரே பத்திரத்தில் தீர்க்க முயன்றதால்தான் பல வழக்குகள் இருபது வருடம் ஓடுகின்றன.

9. உதவிக்கு ஆள்

14416க்கு எந்நேரமும் அழைக்கலாம். டெலி-மானஸ் என்ற மத்திய அரசுச் சேவை, 2022 அக்டோபரில் தொடங்கியது, தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை. நேரில் என்றால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் தாலுகா மருத்துவமனைகளுக்கும் குறிப்பிட்ட நாள்களில் மருத்துவர் வருவார். எந்த நாள் என்று முன்கூட்டிக் கேட்டுவிட்டுப் போங்கள். ஓ.பி.யில் நேரம் குறைவு. தூக்கம், பசி, பதற்றம், குடி, சாகும் எண்ணம் இந்த ஐந்தையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போனால் மருத்துவருக்கும் எளிது.

தனியாரிடம் போகிறவர்கள், மருத்துவ உளவியலாளர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்தவரா என்று கேளுங்கள். அதிர்ச்சியை மையமாகக் கொண்ட அறிதல்-நடத்தைச் சிகிச்சையும் கண் அசைவு வழியான ஈ.எம்.டி.ஆர். முறையும் உலக சுகாதார நிறுவனம் 2013இல் பரிந்துரைத்தவை; இவற்றில் பயிற்சி உண்டா என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. ஒரே நாள் முகாமில் ஏழு தலைமுறைச் சாபத்தை அறுத்துத் தருகிறேன் என்பவரிடமிருந்தும், மாத்திரையை நிறுத்திவிட்டு ஜெபத்துக்கோ மாந்திரீகத்துக்கோ வா என்பவரிடமிருந்தும் விலகி இருங்கள். ஜெபமும் பூஜையும் ஆறுதல் தரும், மாத்திரையோடு சேர்த்தே செய்யலாம். சங்கிலியால் கட்டுவது மட்டும் எந்தப் பெயரிலும் கூடாது. 2001இல் ஏர்வாடியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்தார்கள். 2017 மனநலச் சட்டம் சங்கிலியைத் தடை செய்திருக்கிறது.

உடன்பிறந்தவர்கள் ஒத்துக்கொள்ளாவிட்டால்

இது நிச்சயம் நடக்கும். 'எங்களுக்கு அப்படி ஒன்றும் நடக்கலையே' என்று அண்ணன் சொல்வார். அவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். மூத்தவர் வளர்ந்தபோது அப்பா வெளிநாட்டில், நீங்கள் வளர்ந்தபோது குடியோடு வீட்டில். ஒரே கூரைக்குக் கீழே வேறு வேறு வீடுகள். வாதாட வேண்டாம். உங்கள் வரைபடத்தை மடித்து வைத்துவிட்டு, 'உனக்கு ஓர்மையில் இருப்பதைச் சொல்' என்று கேளுங்கள். அதை வேறு நிறப் பேனாவில் அதே தாளில் எழுதுங்கள். மைனிகளிடமும் கேளுங்கள். வெளியிலிருந்து வந்தவர்கள் என்பதால் இந்த வீட்டுச் சட்டங்களை முதல் நாளிலேயே கண்டுபிடித்தவர்கள் அவர்கள்தான். இதுவரை யாரும் அவர்களிடம் கேட்டிருக்க மாட்டார்கள்.